அசையாமல் இரண்டு நிமிடம்

பிரஷர் மெஷின் காட்டியது நூற்று அறுபத்திரண்டா, அறுபத்தெட்டா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. நாகூர் மீரானின் கண் ஆபரேஷன் மூன்றாவது முறையாகத் தள்ளிப்போனது மட்டும் நிச்சயம்.

தாராவியில் தோல் பை செய்யும் பட்டறையில் அவர் தோல் வெட்டும் கட்டர். வலது கண்ணில் புரை விழுந்து, வெட்ட வேண்டிய கோடு இரண்டாகத் தெரிந்தது. ரமலான் ஆர்டருக்குள் கண் சரியாகாவிட்டால் வேறு ஆள் வைக்க வேண்டியிருக்கும் என்று முதலாளி அப்துல் ரவூப் சங்கடப்பட்டுக்கொண்டே சொல்லிவிட்டார். பிரஷர் இறங்காமல் கண்ணில் கை வைக்க மாட்டோம் என்றது ஆஸ்பத்திரி.

கிளினிக்கில் டாக்டர் சாதனா மாத்திரையோடு ஒரு பயிற்சியும் சொன்னார். சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோல் அசையாமல் இரண்டு நிமிடம். ஓய்வு விட்டு நான்கு தடவை, வாரத்தில் மூன்று நாள். மூச்சு விட்டுக்கொண்டே செய்யச் சொன்னதை நாகூர் மீரான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூச்சு விடாமல் யார் இருப்பார்கள்?

வீட்டில் ஃப்ரிட்ஜை நகர்த்தித்தான் சுவர் கிடைத்தது. மகள் சாயிமாவுக்குச் சிரிப்பு. அவள் பள்ளியில் இப்படி நாற்காலிபோல் நிற்க வைக்கும் தண்டனைக்கு 'குர்சி' என்று பெயர்.

"என்ன வாப்பா, ஹோம்வொர்க் செய்யலியா? டீச்சர் குர்சி போடச் சொல்லிட்டாங்களா?"

ஆறு வாரம் தொடை நடுங்கியதுதான் மிச்சம். கருவாட்டை விட்டார், ஊறுகாயை விட்டார். அமைதியாக உட்கார்ந்திருந்து அளந்தாலும் எண் அசையவில்லை. ஒருநாள் சுவரை ஓங்கி அறைந்துவிட்டு, மறுபடி அதிலேயே சாய்ந்தார்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நூர் நிஷா நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

"மச்சான், மூச்ச எங்க வச்சிருக்கீங்க?"

பதில் சொல்ல மூச்சு இல்லை.

"தோலா வெட்டுதீங்க? சும்மாதான உக்காந்திருக்கீங்க. விடுங்க."

இருபத்தாறு வருடமாகத் தோலில் கத்தி இறங்கும்போதெல்லாம் மூச்சை அடக்கியே பழகியவர். கத்தி நடுங்கக் கூடாது. அசையாதே என்றால் அவர் உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து நூர் நிஷா அவரைச் சத்தமாக எண்ண வைத்தாள். எண்ணினால் மூச்சு வந்துதான் ஆக வேண்டும். அடுத்த ஏழு வாரத்தில் பிரஷர் நூற்று நாற்பதுக்கு இறங்கியது. ரமலான் ஆர்டர் அதற்குள் வந்து முடிந்திருந்தது.

ஆபரேஷன் நடந்தது, கண் நன்றாகத் தெரிகிறது. வெட்டு மேஜையில் இப்போது வேறு ஆள். நாகூர் மீரான் அதே பட்டறையில் பசை தடவுகிறார். டாக்டர் சாதனா செம்பூருக்கு மாறிப்போனார். சாயிமா காலேஜில் சேர்ந்துவிட்டாள். நூர் நிஷா ஃப்ரிட்ஜைப் பழைய இடத்தில் வைக்கவில்லை.