வண்டித்தடத்தில் கிடந்தவன்

பில்ச்சர் கிராசிங் என்ற ஊரில் மண்ணைத் தோண்டி முதலில் எடுத்தது ஒரு கைக்குழந்தையின் எலும்புக்கூடு. அதைக் குழியைவிட்டு மேலே கொண்டுவர டிராக்டர் கட்டி இழுக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை சங்கிலி அறுந்தும் போனது. பார்வைக்குக் கோழி எலும்பு மாதிரி மெலிசுதான். ஆனால் மேலே ஓடிய பழைய வண்டித்தடத்தில் அதைப் புதைத்த நாளிலிருந்து உருண்ட மாட்டுவண்டி, கழுதைவண்டி, லாரி எல்லாவற்றின் கனமும் அதன்மேல் ஏறி, இறங்காமல் அங்கேயே தங்கிவிட்டிருந்தது. அமெரிக்காவில், வயோமிங்கில், அந்தப் பக்கத்து மண் அப்படி. அகழாய்வு நடத்த வந்த நடீன் அம்மாள் முதல் நாள் வியந்தாள். அப்புறம் பாரந்தூக்கி ஒன்றை வரவழைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

அந்தக் குழியில் மண்வெட்டி பிடித்த கூலியாட்களில் டார்லா ஒருத்தி. கட்டை குட்டையான பொம்பளை. அவள் புருஷன் ஓர்வல் இரண்டு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போயிருந்தான். நெடுஞ்சாலைக் கடையில் காப்பி ஊற்றுகிற ஒருத்தியோடு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அப்படி ஒருத்தி அந்தக் கடையில் வேலை பார்த்ததே இல்லை என்று டார்லா சொன்னாள். "அதான் ஓடிட்டாளே, எப்படி இருப்பா?" என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

ஊருக்கு இருந்தது ஒரே ஒரு பெருமைதான். அந்தக் காலத்தில் மேற்கே குடியேற ஆமோஸ் பில்ச்சர் கூட்டிவந்த வண்டிக் கூட்டம் வழியில் ஒரு உயிரைக்கூடப் பறிகொடுக்கவில்லை. ஊர் எல்லைப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கும். அதைப் பார்க்கத்தான் கோடையில் வெளியூர்க்காரர்கள் வருவார்கள், அவர்களை நம்பித்தான் ஊரில் அடுப்பு எரியும். மற்றக் கூட்டங்களில் செத்தவர்கள் உண்டு. அவர்களைத் தடத்தின் நடுவிலேயே புதைத்து, ஓநாய் மோப்பம் பிடிக்காதபடி அத்தனை வண்டிகளையும் மேலே ஓட்டி மண்ணை இறுக்கிவிடுவார்கள். செத்தவருக்கு ரொம்ப நெருங்கினவர் யாரோ அவர் வண்டிதான் முதலில் ஏற வேண்டும். பெற்ற தாயே முதல் சக்கரத்தை ஏற்றுவாள். அதுதான் அவர்கள் செய்த மரியாதை. இந்தக் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும், மற்றவர்களுடைய துயரமாகத் தெரியும்.

இப்போது குழந்தை வந்தது, ஒரு கிழவி வந்தாள், மண்டையில் குண்டு துளைத்த ஓட்டையோடு இரண்டு ஆண்கள் வந்தார்கள். ஆமோஸ் பில்ச்சர் கூட்டிவந்தவர்களில் நடக்க முடியாதவர்களும் எதிர்த்துப் பேசினவர்களும் இவர்கள்தான் என்று நடீன் அம்மாள் சொன்னாள். அதற்கடுத்த வாரம் டார்லாவின் மண்வெட்டி ஒரு பூட்சில் முட்டியது. புதுப் பூட்ஸ். லாடம் மாதிரி ஒரு தகட்டைக் குதிகாலில் அவளே அடித்துக் கொடுத்திருந்தாள்.

ஓர்வல் மல்லாந்து கிடந்தான். முகம் அப்படியே இருந்தது, கொஞ்சம் தட்டையாகியிருந்தது, அவ்வளவுதான். டார்லா அவன் கையைத் தூக்கப் பார்த்தாள். சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியவில்லை.

அவள் அழவில்லை. குழி ஓரத்தில் உட்கார்ந்து பழைய தடத்தில் ஊரே வண்டி கட்டிப் போகும் முன்னோடிகள் திருவிழாவை, இரண்டு வருஷத்துக்கு முந்தையதை, நினைத்துப் பார்த்தாள். ஊர்வலத்தில் முதல் வண்டி எப்போதும் பில்ச்சர் வீட்டு வண்டி. அந்த வருஷம் மட்டும் ராய்ஸ் பில்ச்சர், ஆமோசின் கொள்ளுப்பேரன், ஓர்வலை வேலி போட வைத்திருந்த பண்ணைக்காரர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார். "புருஷன் போன வேதனையில இருக்கே. இந்த வருஷம் உன் வண்டி முன்னால போகட்டும்மா." ஊரே அவர் பெருந்தன்மையைப் பேசியது. பழைய தடத்தில் ஓரிடத்தில் மண் புதிதாக இருந்தது. கழுதைகள் அங்கே நின்றுவிட்டன. டார்லா சாட்டையைச் சொடுக்கினாள், ஏறிப் போயின. பின்னால் ஊர் மொத்தமும் ஏறிப் போனது. கடைசியாக ராய்ஸ் போனார்.

ஷெரீப் குஸ்தாவ்சன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வேலிக்குக் குழி தோண்டும்போது ஓர்வல் பழைய எலும்பு எதையோ கண்டு முதலாளியிடம் காட்டியிருக்க வேண்டும் என்பதும் அவருக்குப் புரிந்தது.

"கொன்னவனுக்குத்தான் அங்க பொணம் இருக்குன்னு தெரியும். தெரிஞ்சவன்தான் என்னை முதல்ல விட்டான்" என்றாள் டார்லா.

"நான் நம்பறேன்மா. ஆனா மரியாதை பண்ணினான்னு ஒரு ஆளைக் கூண்டுல ஏத்த முடியாது. அடி பின்மண்டையில. மண்டை மண்ணுக்குள்ள அழுந்திக் கிடக்கு. தூக்கித் திருப்பி டாக்டர் பாத்தாத்தான் கேஸ்."

பாரந்தூக்கி வந்தது, அதன் கை வளைந்தது, ஓர்வல் அசையவில்லை. ஆனால் அது வரும்போது இன்னும் தோண்டாத ஒரு எலும்புக்கூட்டின்மேல் ஏறி வந்து, திரும்ப இடமில்லாமல் அதே வழியில் பின்னோக்கிப் போனது. வந்தபோது ஏறிய கனம் போனபோது இறங்கிவிட்டதை நடீன் அம்மாள் அளந்து சொன்னாள். யார் ஏற்றினார்களோ அவர்களே பின்னுக்கு ஓட்டினால் பாரம் இறங்கும். இதற்கிடையில் ஓர்வல் ஒரு நாளைக்கு ஒரு சாண் கீழே போய்க்கொண்டிருந்தான். சுற்றியிருந்த மண்ணைத் தோண்டியதில் அவனைத் தாங்க ஒன்றும் இல்லாமல் போயிருந்தது.

குழிமேல் பலகை போட்டார்கள். டார்லா தன் வண்டியைக் கொண்டுவந்தாள். கழுதைகளுக்குப் பின்னால் நடக்கப் பிடிக்காது. மூக்கைப் பிடித்துத் தள்ளி, திட்டி, கெஞ்சி, பொழுது சாய்கிறவரை பாடுபட்டு ஒருவழியாகப் பின்னுக்கு ஏற்றி இறக்கினாள். குழிக்குள் குதித்துப் பார்த்தாள். சுண்டுவிரலை அசைக்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஷெரீப் எழுந்து, அன்று ஊர்வலத்தில் போனவர்கள் எல்லோரும் வந்து வண்டியைப் பின்னுக்கு ஓட்டும்படி ஊராரைக் கேட்டுக்கொண்டார். மறுநாள் ஒரு வைக்கோல்காரர் வந்து வண்டியைப் பின்னுக்கு ஓட்டிவிட்டுத் தலை நிமிராமல் போனார். அன்று சாயங்காலம் ராய்ஸ் பில்ச்சர் சாப்பாட்டுக் கடைக்கு வந்து ஆப்பிள் பணியாரம் வாங்கிச் சாப்பிட்டார். "தாராளமா போங்கப்பா, நான் தடுக்கல. போறவங்க, நம்ம தாத்தன் பாட்டனெல்லாம் பொய்யனுங்கன்னு ஊருக்குச் சொல்லிட்டுப் போறோம்கிறதை மட்டும் மறந்துடாதீங்க. அப்புறம் எந்த வெளியூர்க்காரன் இங்க வந்து காப்பி குடிக்கப் போறான்?" வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அப்புறம் ஒரு வண்டியும் வரவில்லை.

டார்லா வீடு வீடாகப் போனாள். தையற்காரி ஹெஸ்டர் கதவைப் பாதி திறந்து, "கழுதைக்குக் கால் வீங்கியிருக்குடி" என்றாள்.

"காலையில அதே கழுதையிலதானே கடைக்கு வந்தே?"

"முன்னால நடக்கும். பின்னால நடந்தாத்தான் வலிக்குதாம்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். ஒருவனுக்கு வைக்கோல் அறுப்பு. ஒருவன் வண்டியை விற்றுவிட்டானாம். விற்ற வண்டி கொட்டகையில் நின்றது. கடைசியில் அவள் ராய்ஸ் வீட்டுக்கே போனாள். அவர் குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்கு என் வண்டி கடைசி இல்லையா? முன்னால போனவங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா பொண்ணே. அவங்க இறக்கினதும் நானும் வந்து இறக்கறேன். சத்தியமா."

அவளுக்குக் கல்லெடுத்து அடிக்கத் தோன்றியது. எடுக்கவும் எடுத்தாள். அந்தக் கல்லுக்குச் சாதாரணக் கல்லின் கனம்தான் இருந்தது. அது போதாது என்று பட்டதோ என்னவோ, போட்டுவிட்டுத் திரும்பினாள்.

ஓர்வல் ஆள் உயரத்துக்கு இறங்கினான், பிறகு வீட்டு உயரத்துக்கு. டார்லா கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் மூக்கு நுனி தெரிந்தது, அப்புறம் வெளுப்பாக ஏதோ தெரிந்தது, அப்புறம் கயிறு தீர்ந்துபோனது. பிணம் இல்லாததால் ஷெரீப் கேசை மூடினார். நடீன் அம்மாள் கிடைத்த எலும்புகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனாள்; போன வழியெல்லாம் தார்ச்சாலை உள்வாங்கியது. எல்லைப் பலகைக்குப் புது வண்ணம் அடித்தார்கள். எழுத்தை மாற்றவில்லை.

அடுத்த இளவேனிலில் அந்தக் குழியில் தண்ணீர் ஏறியது. ஊர் உண்டானதிலிருந்து எங்கு தோண்டினாலும் உப்புதான் ஊறிய பூமி அது. இது சர்க்கரை மாதிரி இருந்தது. ராய்ஸ் பில்ச்சர் தன் செலவில் சுற்றுச்சுவர் கட்டி உருளை மாட்டினார். எல்லோரும் அங்கேதான் இறைக்கிறார்கள். குடித்தவர்கள் கனத்துவிட்டார்கள், நாற்காலிகள் ஒடிகின்றன, தரைப்பலகைகள் முனகுகின்றன, தச்சனுக்கு ஓய்வே இல்லை. ஆறு கடக்கப் போன ஒரு குடும்பம் படகோடு முழுகிவிட்டது. தண்ணீரை மட்டும் யாரும் குறை சொல்வதில்லை.

டார்லாவும் அங்கேதான் இறைக்கிறாள். அவளுக்கும் வேறு நல்ல தண்ணீர் கிடையாது. ஹெஸ்டர் வாளியோடு வந்தால் ஒதுங்கி இடம் விடுகிறாள். "இன்னைக்குத் தண்ணி ஜில்லுன்னு இருக்குடி" என்று ஹெஸ்டர் சொல்வாள். "ஆமா" என்று டார்லா சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள்.