பக்கத்து வீட்டு டிவியும் அணைந்தது

வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கிப் போடலாம் என்று முடிவானதும், பியூட்டி பார்லர்காரி ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் கெட்டில் மூன்றையும் ஒரு பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு கிளம்பினாள். வீடு பார்க்கப் போகிறோமா, குடிபோகிறோமா என்று கணவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவருக்கு எந்த வீட்டைக் கண்டாலும் பிடித்துவிடும். தரகர் கதவைத் திறந்ததுமே, "காத்து நல்லா வருதுல்ல?" என்று உருகிப்போனார்.

புதுப் பெயிண்ட் வாசனை அவள் மூக்கைத் துளைத்தது. அதற்கு அடியில் என்னென்ன ஒளிந்திருக்கிறதோ, யார் கண்டது? ஹாலில் ஒரு சுவிட்சைப் போட்டாள். குளியலறையில் விளக்கு எரிந்தது.

"இங்க இருந்தே பாத்ரூம் லைட்டைப் போட்டுக்கலாம். வசதிதானே மேடம்," என்றார் தரகர், முகம் மாறாமல்.

"அப்போ ஹால் லைட்டைப் போட பாத்ரூமுக்குப் போகணுமா?"

தரகர் அவசரமாக அடுத்த அறைக் கதவைத் திறந்துவிட்டார்.

அவள் பையைத் திறந்து மூன்றையும் செருகி ஓடவிட்டாள். கெட்டில் முனகியது, டிரையர் இரைந்தது. பிறகு 'டப்' என்றொரு சத்தம். மின்விசிறி சோர்ந்துபோய் நின்றது. சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பனியனோடு வாசலில் வந்து நின்றார்.

"யாருங்க கரண்டை நிறுத்தினது? மேட்ச் பாத்துட்டிருக்கேன்."

"இந்த வீட்டு ஃபியூஸ் போனா உங்க டிவி ஏங்க அணையுது?"

அவள் வெளியே போய்ப் பார்த்தாள். இந்த வீட்டுச் சுவரிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் அவர் வீட்டு ஜன்னலுக்குள் போயிருந்தது.

"தற்காலிகமா இழுத்ததுங்க. பொண்ணு பொறந்த சமயத்துல."

"பொண்ணு இப்போ என்ன பண்றா?"

"காலேஜ் போறா."

கணவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் தரகரிடம் திரும்பினாள். "வீடு பிடிச்சிருக்கு. ஆனா பழைய ஒயரை எல்லாம் உருவிட்டு, எர்த்தோட புதுசா போட்டுத் தரணும். இவருக்குப் போற ஒயரையும் எடுத்துடணும்."

"புதுப் பெயிண்ட் மேடம். சுவரை உடைக்கணுமே."

"உடைக்கட்டும்."

வீட்டை விற்கும் சொந்தக்காரர் முதலில் குதித்தார். சுவருக்குள்ளிருந்து கருகிய ஒயர் வெளியே வந்த பிறகுதான் வாயை மூடினார். வேலை முடிந்ததும் அவள் பத்திரம் முடித்தாள். வாடகைக்கும் ஆள் வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் தனியாக மீட்டர் வாங்கிவிட்டார். இப்போதெல்லாம் மகள் எந்த அறையைவிட்டு வெளியே வந்தாலும், பின்னாலேயே போய் விளக்கை அணைக்கிறாராம்.