குருமா பிடிபட்ட நாள்

டாக்டர் சரண்யாதேவிக்கு இரண்டு விஷயங்களில் கர்வம் உண்டு. ஒன்று, மதுரைச் சிறைக்குள் அவள் பொறுப்பில் நடக்கும் போதை மீட்புப் பிரிவு. மற்றொன்று, அவள் கைப்பட வைக்கும் குருமா. இரண்டையும் அவளே ஒன்றாகக் கலந்தாள், அதுதான் வினையாகிப் போனது.

சிகிச்சையை நல்லபடியாக முடித்த கைதிகளுக்கு வெள்ளிக்கிழமை மதியம் விருந்து. சமையற்கூடத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே அண்டா முன்னால் நின்றாள். பரோட்டா காணாமல் போகிற அளவுக்குக் குருமா ஊற்றினாள். சும்மா எட்டிப் பார்க்க வந்த கண்காணிப்பாளர் இம்மானுவேல்கூட உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை கடைசிப் பரிசோதனை. சிறுநீரில் தோய்க்கும் அட்டை. கோடு விழுந்தால் சுத்தம், விழாவிட்டால் ஆள் மாட்டிக்கொண்டான். முதலில் டப்பாவை நீட்டியவன் பேச்சிமுத்து. அவனுக்குத்தான் அவசரம். மறுநாள் கீழக்குயில்குடி ஐயனார் கோயிலில் அவன் அக்கா மகள் முத்துமீனாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஒரே தாய்மாமன் அபின் கலந்த வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டு திரிந்ததால், மூன்று வயதாகியும் பிள்ளை மூளிக்காதோடு நின்றது.

அக்கா தங்கப்பொண்ணு போனிலேயே கறாராகச் சொல்லியிருந்தாள். "அவன் எம்புட்டோ சத்தியம் பண்ணிட்டான் டாக்டரம்மா. இனி நான் நம்ப மாட்டேன். நீங்க ஒங்க வாயால சொல்லுங்க, எம்புள்ளைய அவன் மடியில வைக்கிறேன். இல்லாட்டி ஒண்ணுவிட்ட மாமன் ஒருத்தர் இருக்காரு, அவரு மடியில வச்சு முடிச்சிருவோம்."

அட்டையில் அபினுக்கான கட்டம் வெறிச்சென்று கிடந்தது. கோடு விழவில்லை.

"சத்தியமாத் தொடலைங்க மேடம்."

சரண்யாதேவி அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இத்தனை மாதம் பட்ட பாடெல்லாம் தண்ணீரில் போய்விட்டதே என்று ஆத்திரம் வந்தது. பேச்சிமுத்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்களும் எங்கக்கா மாதிரியே பாக்குறீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தான்.

அடுத்து அழகுபாண்டி. பிராந்தியைத் தவிர வேறு எதையும் கண்டறியாத மனுஷன். அவனுக்கும் அதே கட்டத்தில் கோடு இல்லை.

"எனக்கே தெரியாம நான் எப்ப மேடம் போட்டேன்?" என்று அவன் பதறிப்போனான்.

அவனுக்கு அடுத்தவனுக்கும் இல்லை. அதற்கடுத்தவனுக்கும் இல்லை. ஊரே கூடி ஒரே ராத்திரியில் அபின் தின்றதா என்ன? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அபினும் கசகசாவும் ஒரே செடியிலிருந்து வருகிறவை. குருமா கெட்டியாக வரட்டும் என்று பொட்டலம் பொட்டலமாகக் கசகசாவை அரைத்துக் கொட்டியது வேறு யாருமல்ல, சாட்சாத் அவள்தான்.

ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள். அவளுடைய அட்டையிலும் கோடு இல்லை. நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போய் இன்னொரு டப்பாவை மேசை மேல் வைத்தாள்.

"இது எதுக்கு டாக்டர்?"

"நேத்து யாரு நெறையாச் சாப்பிட்டதுன்னு பாக்கணும் சார்."

விஷயத்தைக் கேட்டு முறைத்தார், முனகினார், போனார். கால் மணி நேரம் கழித்துத் தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னையும் உள்ள வச்சுப் பூட்டிருவீங்க போல" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஆனா சுத்தம்னு சொல்றதுக்கு இது பத்தாது டாக்டர். நாளைக் காலையில மறுபடி பாருங்க. கோடு விழுந்தா பேச்சிமுத்து விடுப்புல போகட்டும்."

சரண்யாதேவி பேச்சிமுத்துவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். "சந்தேகப்பட்டது தப்பு, பேச்சிமுத்து. மன்னிச்சிரு" என்றாள். அன்று முழுக்க அவன் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கப் போக, சிறுநீர் நீர்த்துப்போனால் பரிசோதனையே செல்லாது என்று அவளே தடுக்க வேண்டியதாயிற்று.

ஞாயிறு காலை அவளே அட்டையைத் தோய்த்தாள். கட்டம் வெறுமையாகவே இருந்தது. பிறகு மெல்லச் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அழுத்தமான கோடு. பேச்சிமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். அவள் உடனே போனை எடுத்தாள்.

"தங்கப்பொண்ணு, என் வாயாலயே சொல்றேன். ஒங்க தம்பி சுத்தமா இருக்கான். தப்பு பண்ணது என் குருமா."

கோயிலில் ஆலமரத்தடியில் பேச்சிமுத்து சம்மணமிட்டு உட்கார்ந்தான். காவலுக்கு வந்த போலீஸ்காரர்களும் கூட வந்திருந்த சரண்யாதேவியும் சற்றுத் தள்ளி நின்றார்கள். தங்கப்பொண்ணு பிள்ளையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள், ஆனாலும் பக்கத்திலேயே நின்று அவன் கைகளைக் கவனித்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் முத்துமீனா துள்ளினாள். அவன் அவள் தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டான். பிள்ளை அலறி ஓய்ந்த பிறகும் மாமன் அழுதுகொண்டிருந்தான்.

பந்தியில் சரண்யாதேவிக்குப் பக்கத்து இலை அவனுக்கு. அந்தப் பக்கம் அக்கா. பரிமாறுகிறவர் குருமா வாளியோடு வந்து அவன் இலையில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டார். அவன் தொடவில்லை.

"ஏன்டா, நல்லால்லையா?" என்றாள் தங்கப்பொண்ணு.

"வேணாங்க்கா. நாளைக்குத் திரும்பப் போறேன்ல. டப்பாவ நீட்டுவாக."

சரண்யாதேவிக்குப் புரையேறியது. தங்கப்பொண்ணு தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவன் இலையிலிருந்த குருமாவைக் கையாலேயே வழித்துத் தன் இலையில் போட்டுக்கொண்டு, "இவனுக்கு ரசம் ஊத்துங்கய்யா!" என்று பந்திக்கே கேட்கும்படி கத்தினாள்.