கட்டிலடி உப்பு

பசுவின் மூன்றாவது உதை வாளியில் விழுந்தது. வாளி உருண்டுபோய்ச் சுவரில் மோதிய சத்தம் கூடம்வரை கேட்டிருக்க வேண்டும். அங்கே அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்தார்கள்.

இஸ்திரிக்காரர் கன்றின் இடுப்பை இரண்டு கையாலும் அணைத்தபடி மண்டியிட்டிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. அன்று காலை அவரே தேய்த்தது. பெண்டாட்டி கூடத்தில் கிடக்கும்போது எந்த மனுஷனாவது சட்டை தேய்ப்பானா? அவர் தேய்த்தார். அவளுக்கு உடுத்துவதற்கான நீலச் சேலையையும் தேய்த்தார். கைக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

"அப்பா, விடுங்கப்பா." மகன் கொட்டகை வாசலிலேயே நின்றான். உள்ளே வந்தால் செருப்பில் சாணி படுமோ என்ற பயம். "வர்றவங்க எல்லாம் அப்பா எங்கேன்னு கேக்கறாங்க. மாட்டுக்கிட்ட இருக்கார்னு சொல்ல எனக்கு நாக்கு கூசுது."

"இது இன்னும் குடிக்கலைடா."

"நாலு மணிக்கு வண்டி வந்துடும்."

"அதுக்குள்ளே குடிச்சிடும்."

"குடிக்கலேன்னா?"

கன்று பிறந்து ஐந்து மணி நேரம் ஆகிறது. காலையில் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு தானாக எழுந்து நின்றது. இப்போது பிடித்தால்தான் நிற்கிறது. மாட்டு டாக்டர் வெளியூரில் இருக்கிறாராம். முதல் பால் உள்ளே போகாவிட்டால் கஷ்டம், எப்படியாவது தாய்கிட்ட விடுங்க என்று ஃபோனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். விடத்தான் பார்க்கிறார். அந்தத் தாய் இதை முகர்ந்து பார்ப்பதும், மூஞ்சியைத் திருப்பிக்கொள்வதும், மடிக்குக் கீழே கொண்டுபோனால் உதைப்பதுமாக இருந்தது.

முப்பத்தோரு வருஷத்தில் அவர் மாட்டைத் தொட்டதே கிடையாது. முன்வாசல் அவருக்கு, பின்வாசல் அவளுக்கு. முன்னால் தெருவைப் பார்த்து அவருடைய மேசை, கரிப்பெட்டி, அடுக்கடுக்காக ஊரார் சட்டைகள். பின்னால் அவளுடைய கொட்டகை. சாணிக் கையோடு அவள் உள்ளே வந்தால் அவருக்கு உயிரே போகும். "அந்தப் பக்கமாப் போ, துணி இருக்கு!" அவள் வேண்டுமென்றே விரலை ஒரு வெள்ளைச் சட்டைக்கு அருகில் கொண்டுபோய், படாமல் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். "எங்க வீட்டு வெள்ளைக்காரருக்கு வேர்த்துடுச்சு" என்பாள்.

இரண்டு மாதத்துக்கு முன் அவள் கால் வீங்கியது. சிறுநீரகம் என்றார்கள். உப்பு கூடவே கூடாது என்றார் டாக்டர். அன்றைக்கே அவர் வீட்டிலிருந்த உப்பையெல்லாம் எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். அவள் மட்டும் எப்படிச் சாப்பிடுவாள் என்று தானும் உப்பில்லாமலேயே சாப்பிட்டார். "ஊர்ச் சட்டைக்கெல்லாம் மொடமொடன்னு கஞ்சி போடுற மனுசன், எனக்கு உப்பில்லாத கஞ்சி ஊத்துறார் பாரு" என்று அவள் வருகிறவர்களிடம் எல்லாம் புகார் சொன்னாள். நடக்க முடியாமல் போன பிறகும் அவள் நினைப்பெல்லாம் பின்வாசலில்தான். சின்னவளுக்கு இது முதல் ஈத்து. கன்றுக்குட்டியாக வாங்கிவந்து அவள் கையால் வளர்த்த மாடு.

"ஏங்க, சின்னவ கன்னு போடும்போது நான் இருக்க மாட்டேன்னு வெச்சுக்கோங்க..."

"ஏன் இருக்க மாட்டே? நீயே எந்திரிச்சு வந்து பாத்துக்குவே."

"சொல்றதைக் கேளுங்களேன்."

"ஒண்ணும் கேக்க வேண்டாம். படு."

கேட்டால் அவள் போகப்போகிறாள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் அவர் கேட்கவில்லை. இன்று விடிகிற நேரத்தில் அவள் போய்விட்டாள். எல்லாரும் ஃபோனும் கையுமாக இருந்தபோது அந்த மாடு யாரும் பார்க்காமல் ஈன்றுவிட்டது.

பன்னிரண்டரை பஸ்ஸில் கொழுந்தியாள் வந்தாள். அக்கா காலடியில் விழுந்து அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு வந்தாள். அவளும் நாலு மாடு வைத்திருப்பவள். வந்த வேகத்தில் கன்றின் முதுகில் கை வைத்தவள், குனிந்து மோந்து பார்த்தாள்.

"என்ன மாமா இது, சோப்பு வாசனை அடிக்குது?"

"குளிப்பாட்டினேன்."

"யாரை?"

"கன்னைத்தான். உடம்பு பூரா கொழகொழன்னு ஒரே அழுக்கா இருந்துது. தாயும் அசந்துபோய் அந்தப் பக்கம் திரும்பி நின்னுச்சு. வெந்நீர் வெச்சு, சோப்பு போட்டு, துண்டால நல்லாத் துவட்டி..." அவர் குரல் தானாகவே தணிந்தது.

கொழுந்தியாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. சாவு வீட்டில் சிரிக்கிறோமே என்று அழுகையும் வந்தது. "ஐயோ மாமா! அக்கா மட்டும் இருந்திருந்தா இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருசம் சிரிச்சிருப்பா."

"தப்பா?"

"தாய் நக்கித்தான் மாமா தன் கன்னுன்னு தெரிஞ்சுக்கும். நீங்க அந்த வாசனையைச் சுத்தமா வெளுத்து விட்டுட்டீங்க. அவளுக்கு இப்ப இது யாரோ கொண்டாந்து விட்ட கன்னு. சரி, நஞ்சுக்கொடி எங்கே? அதையாவது எடுத்து இது மேல தடவலாம்."

"புதைச்சுட்டேன். வைக்கோலையும் எரிச்சாச்சு."

"தரை?"

"ரெண்டு தடவை கழுவினேன்."

அவள் தரையைப் பார்த்தாள். சோறு போட்டுச் சாப்பிடலாம்போல் இருந்தது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் ஆயுசில் அழுக்கென்று கண்டதையெல்லாம் ஒரே மூச்சில் துடைத்தெறிந்த மனிதர், ஒரு கன்றுக்கு அதன் தாயையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்.

"பால் கறந்து பாட்டில்ல ஊத்தினா?" என்றான் வாசலிலிருந்து மகன்.

"ஊத்தலாம். நாளைக்கு யார் ஊத்துவா? நாளன்னைக்கு? நீ லீவு போட்டுட்டு வந்து ஊத்துறியா?" அவன் உள்ளே போய்விட்டான். கொழுந்தியாள் அவரிடம் திரும்பினாள். "உப்பு கொண்டாங்க மாமா. கல்லுப்பு. முதுகுல தடவி விட்டா உப்புக்காக நக்குவா. நக்க ஆரம்பிச்சுட்டான்னா அப்புறம் விட மாட்டா."

"வீட்டுல உப்பு இல்லை."

"என்னது?"

"ரெண்டு மாசமா இல்லை. அவளுக்கு ஆகாதுன்னாங்க இல்லே. நானும் போட்டுக்கலை."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "அக்கா எடுத்து வெச்சிருக்காளே மாமா. என்கிட்ட ஃபோன்ல சொன்னா. தலையீத்து மாடு, கன்னைச் சேக்குமோ சேக்காதோ, பக்கத்து வீட்டுல சொல்லி உப்பு வாங்கி டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன், கன்னுக்குக் கயிறுகூட அதுலேயே இருக்கு, இந்த மனுசன்கிட்ட சொல்லலாம்னா காதுலயே வாங்க மாட்டேங்கறார்னு. சிவப்பு மூடி போட்ட பால் பவுடர் டப்பா."

இஸ்திரிக்காரர் கன்றை மெதுவாகக் கீழே உட்கார வைத்தார். எழுந்து நின்றார்.

அந்த டப்பாவை அவருக்குத் தெரியும். ஒன்பது நாளுக்கு முன் படுக்கை விரிப்பு மாற்றும்போது கட்டிலுக்கு அடியில் கையில் தட்டுப்பட்டது. மூடியைத் திறந்தால் கல்லுப்பு. அவருக்குத் தலைக்கேறிவிட்டது. "நானும் உப்பில்லாம மென்னு முழுங்கிட்டுக் கிடக்கேன், நீ திருட்டுத்தனமாத் தின்னுட்டிருக்கியா? அதான் வீக்கம் வடியவே இல்லை!"

"அது எனக்கில்லைங்க..."

"வாயைத் திறக்காதே!"

அவள் திறக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவள் வேறு என்ன பேசுவாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நேற்று மத்தியானம் மட்டும், இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டு, "ஒரே ஒரு கல்லு போடுங்களேன். நாக்கே செத்துப்போச்சு" என்றாள். அவர் கரண்டியைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

டப்பா அவருடைய மேசை இழுப்பறையில், பூட்டில் இருந்தது. அவர் கணக்கில் அது உப்பாகவே இல்லை, திருட்டுச் சாமானாகத்தான் இருந்தது.

முன்வாசலுக்குப் போகக் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அவர் போனார். நாற்காலிகள் நகர்ந்து வழிவிட்டன. அவள் பக்கம் பார்க்காமல் போய், இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பினார். பழைய வாடிக்கைக்காரரான பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுந்துவந்து கையை நீட்டினார். இஸ்திரிக்காரர் டப்பாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கைகொடுத்தார். "மனசைத் தேத்திக்கோங்க" என்றார் வாத்தியார். "சரிங்க" என்றார் இவர். டப்பாவுக்குள் உப்பு குலுங்கியது.

கொட்டகையில் வைத்து மூடியைத் திறந்தார். அன்றைக்கு அவர் மேலாகத்தான் பார்த்திருந்தார். உப்பை அள்ள அள்ள அடியில் ஒரு காகிதப் பொட்டலம் தெரிந்தது. உள்ளே புதுக் கயிறு, கன்றின் கழுத்துக்கு அளவாக முடிச்சுப் போட்டது. இந்தக் கழுத்தை அவள் பார்த்ததுகூட இல்லை.

"தண்ணி தொட்டுத் தடவுங்க மாமா. முதுகு, வால், தலை" என்றாள் கொழுந்தியாள். அவள் பசுவின் பின்னங்காலைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, கல்லாக இறுகியிருந்த மடியிலிருந்து நாலைந்து பீச்சுப் பாலை உள்ளங்கையில் வாங்கினாள். மஞ்சளாக, பசைபோல இருந்தது. அதையும் கன்றின் தலையில் பூசினாள். அவர் உப்பைத் தேய்த்தார். சட்டை தேய்க்கிற மாதிரி, தோளிலிருந்து கீழாக, ஒரு இடம் விடாமல்.

சின்னவளின் முகத்துக்கு நேராகக் கன்றை நகர்த்தினார்கள். மோந்தது. பின்வாங்கியது. மறுபடி மோந்தது. நாக்கை நீட்டி ஒரு தடவை இழுத்துப் பார்த்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டது. பிறகு இன்னொரு தடவை.

"நக்குடி அம்மா, நக்கு" என்று கொழுந்தியாள் முணுமுணுத்தாள்.

மொரமொரவென்று அந்த நாக்கு கன்றின் முதுகில் ஏறியது. உப்புத் தடவிய இடமெல்லாம் நக்கியது. அது தீர்ந்ததும் தடவாத இடத்தையும் நக்கியது. காதுக்குள், கண்ணோரம், வயிற்றில். நக்கிக்கொண்டே தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது. காலையிலிருந்து அந்த மாடு போடாத சத்தம்.

ஆனால் குடிக்க வேண்டாமா? கன்று முன்னங்காலுக்கு நடுவே முட்டியது. சுவரைச் சப்பியது. இஸ்திரிக்காரரின் சட்டை நுனியைப் பிடித்து அதையும் சப்பியது. அவர் விரலை வாயில் கொடுத்து இழுத்துக்கொண்டே மடிவரை போனார். பசு பின்னங்காலைத் தூக்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார், நகரவில்லை.

"பேசுங்க மாமா. அக்கா பேசிட்டேதான் இருப்பா. பேச்சு கேட்டாத்தான் நிப்பா."

"என்ன பேசறது?"

"எதையாவது. பேச்சா முக்கியம்?"

அவர் பசுவின் விலாவில் கையை வைத்தார். சூடாக இருந்தது.  

"அது உனக்கில்லைன்னு எனக்குத் தெரியாது" என்றார். "நீ சொல்ல வந்தே. நான்தான் விடலை. கேட்டா நீ போயிடுவியோன்னு... கேக்காமலும் போயிட்டே. என்னைத் திட்டியிருக்கலாம் இல்லே? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்."

கொழுந்தியாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பசு தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தது. அவர் விரலை உருவிவிட்டு அந்த இடத்தில் காம்பைக் கொடுத்தார். கன்று ஒருமுறை நழுவவிட்டு, தலையால் ஒரு முட்டு முட்டிப் பிடித்துக்கொண்டது. சப்புகிற சத்தம் கேட்டது. கடைவாயில் நுரை வந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் வால் ஆட ஆரம்பித்தது. அந்தக் கயிற்றைக் கன்றின் கழுத்தில் மாட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது.

நாலு மணிக்கு வண்டி வந்துவிட்டது. மகன் தேய்த்த சட்டை ஒன்றை ஹேங்கரோடு கொண்டுவந்தான். "மாத்திக்கோங்கப்பா. இது பூரா பாலும் எச்சிலுமா இருக்கு."

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். "பரவால்லே" என்றார். மகன் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அவர் முகத்தைப் பார்த்தான். அவர் உள்ளே நடந்தார்.

வந்தவர்கள் தொட்டுத் தொட்டு அழுததில் நீலச் சேலையின் மடிப்பு தோளில் கலைந்திருந்தது. தூக்குவதற்கு முன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மடிப்பின் ஓரத்தைப் பிடித்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டார். கழுவாத கை. விரல் இடுக்கிலிருந்து இரண்டு மூன்று உப்புக்கல் நீலத்தின் மேல் உதிர்ந்தது.

மகன் குனிந்து தட்டிவிடப் போனான். அவர் அவன் கையைப் பிடித்தார்.

"இருக்கட்டும்டா."

நான்கு பேர் தூக்கினார்கள். உப்பு உருண்டு மடிப்புக்குள் போய் நின்றது.