தூர்ந்த கிணற்றின் மேல்

சின்னவனுக்கு வலது தோள் காதளவுகூட உயரவில்லை. சட்டை மாட்டுவதற்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. மீசை முளைக்கும் முன்பே கிணறு வெட்டப் போன தோள்.

அவன் வீட்டுக் கொல்லையும் அண்ணி வீட்டுக் கொல்லையும் ஒட்டியவை. பல வருஷம் முன்பு, நடுவில் அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து கிணறு வெட்டினார்கள். நாற்பதடியில் மண் சரிந்து அண்ணன் உள்ளே போனான். இறங்கியவர்களையெல்லாம் மண் விரட்டியது. கடைசியில் உடலை எடுக்காமலேயே கிணற்றை மூடிவிட்டார்கள்.

"மண்ணு இறுகட்டும் அண்ணி. நானே வெட்டி எடுத்துத் தரேன்" என்றான் சின்னவன்.

மண் இறுகுவதற்குள் தோள் போய்விட்டது.

இப்போது தெருவின் கொல்லைகளையெல்லாம் ஒன்றாக்கி அடுக்குமாடி கட்ட ஒரு கம்பெனி வந்திருந்தது. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டாயிற்று. இந்த இரண்டு வீடுகள் மட்டும் மசியவில்லை.

பக்கத்துக் கொல்லைத் தையல்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். "உங்க அண்ணி கெட்டிக்காரிப்பா. விலை ஏறட்டும்னு உக்காந்திருக்கு."

"அவங்க விலையே பேசல."

"பின்ன, கீழ புதையலா இருக்கு?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மத்தியானங்களில் துணி துவைக்கும்போது அண்ணி திடீரென்று குழாயை மூடுவாள்.

"கடப்பாரைச் சத்தம். கேக்குதா?"

அவனுக்கும் கேட்டது. அடுத்த தெருவில் சுவர் இடிக்கிறார்கள் என்பான். அடுத்த தெருவில் யாரும் எதையும் இடிக்கவில்லை.

கம்பெனி ஆள் மறுபடி வந்தபோது சின்னவன் ஒன்றே ஒன்று கேட்டான். "அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்?"

"அறுபதடி."

அவன் தொழிலில் அறுபதடி என்றால் அறுபதடி மண்ணும் கூடை கூடையாக மேலே வந்தாக வேண்டும். அங்கேயே கையெழுத்துப் போட்டான்.

"அடப்பாவி" என்றாள் அண்ணி.

"கேளுங்க அண்ணி. அவங்க அறுபதடி போறாங்க. அண்ணன் நாப்பதுலதான இருக்காரு? என்னால ஆகாதத மிஷினு செஞ்சிரும்."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈரக்கையைத் துடைத்துவிட்டுப் போய்த் தானும் போட்டாள். மெஷின் வந்த அன்று கணவனின் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு எடுத்துவந்தாள்.

மெஷின் குடத்தளவு ஓட்டையாகப் போட்டுக்கொண்டே போனது.

"மண்ண எப்பத் தம்பி அள்ளுவீங்க?" என்றான் சின்னவன்.

ஆபரேட்டர் குனிந்து பார்த்தான். "அள்றதா? பெரியவரே, இது பைல். ஓட்டைக்குள்ள கம்பி எறக்கி கான்கிரீட் ஊத்துவோம். மிச்ச மண்ணு கெடக்குற எடத்துலயே கெடக்கும்."

"இங்க ஒரு ஆளு இருக்காரு."

"எங்க?"

சின்னவன் காலடியைக் காட்டினான். ஆபரேட்டர் சிரிக்க வாயெடுத்து, அண்ணியின் கையிலிருந்த சட்டையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பக்கத்தில் நின்ற கம்பெனி இன்ஜினீயர்தான் பேசினார். "கையெழுத்துப் போட்டப்ப சொல்லிருக்கணும். இனி நிறுத்த முடியாது."

கலவை லாரி பின்னால் நகர்ந்து வந்தது.

"மேல மூடறாங்கன்னு தெரியாது அவருக்கு" என்றாள் அண்ணி. "வெட்டிக்கிட்டே இருப்பாரு."

சட்டையைச் சின்னவனின் கையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

கான்கிரீட் இறங்கியது. சின்னவன் அண்ணிக்குத் தர வேண்டிய உடல் பாக்கியாகவே நின்றது.