மாடியில் இருபது அறைகள்

வாடகை கொடுத்துத் தங்க வந்தவள், காலை ஆறு மணிக்குக் குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து ஓடுகளின் இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற பிரஷ் எதுவும் அந்த அறையில் இல்லை. பல் தேய்க்கிற பிரஷ் ஒன்றுதான் அகப்பட்டது. அது தன்னுடையது என்பது கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அவளுடைய கணவனுக்கு இன்னும் தெரியாது.

பெரிய நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் பன்னிரண்டு வருஷமாக அறைகளைச் சுத்தம் செய்கிறவள் அவள். அவள் விரித்த படுக்கையில் ஒரு சுருக்கம் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் இஸ்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். பஸ் டிப்போ மெக்கானிக்கான கணவனும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

"அம்மா! மூணாவது!"

கதவருகே பெரியவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். பதின்மூன்று வயது. இந்தப் பொழுதுபோக்குப் பூங்காப் பயணத்துக்கு முன்பே அவள் சட்டம் போட்டிருந்தாள்: இந்த இரண்டு நாளில் அம்மா எந்த வேலையில் கை வைத்தாலும், வேலைக்கு ஒன்று என்ற கணக்கில், தான் கைகாட்டுகிற ராட்டினத்தில் ஏறியாக வேண்டும். இஸ்திரிக்கு ஏணியில் மூன்றாவது படி ஏறினாலே வயிற்றைப் புரட்டும். நேற்று இரவு வந்து இறங்கியதும் ஜன்னல் கம்பியைத் துடைத்தாள், ஒன்று. தலையணையைத் தட்டி நிமிர்த்தினாள், இரண்டு.

"இது வேலையில்லடி, சும்மா கை பரபரன்னுச்சு."

"பரபரன்னா ரோலர் கோஸ்டர்."

மெக்கானிக் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். "நேத்து பாத்ரூம்ல தண்ணிய கொட்டிக் கழுவலையா? அதையும் சேர்த்துக்க."

"நான் பாத்தது மட்டும்தான் கணக்கு," என்றாள் பெரியவள்.

பூங்காவுக்குள்ளேயே இருந்த ஹோட்டலின் ஒரு நாள் வாடகையில் இந்த விடுதியில் ஒரு வாரம் தங்கலாம். இரண்டு அடுக்கு, கீழே அலுவலகமும் கடைகளும், மாடியில் வரிசையாக இருபது அறைகள். கட்டிய காலத்தில் நன்றாகத்தான் இருந்திருக்கும். இப்போது திரைச்சீலை, கம்பளம், சுவர் எல்லாமே தேநீர்க் கறையின் நிறத்துக்கு வந்திருந்தன. ஏ.சி. பெட்டி மேட்டில் ஏறுகிற பஸ்ஸைப்போல முனகியது. தண்ணீரில்லாத நீச்சல் குளத்துக்கு நீல வண்ணம் அடித்து அதற்குள் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். வாசல் பலகை 'பூங்காவுக்கு ஐந்தே நிமிடம்' என்றது. எதில் போனால் என்று சொல்லவில்லை. ஆனால் குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றால் ரோலர் கோஸ்டரின் உச்சி வளைவு தெரிந்தது. ஆறு வயதுச் சின்னவள் விழித்ததிலிருந்து வாளியை விட்டு இறங்கவில்லை.

"அப்பா, இப்ப ஒரு காலி வண்டி தலைகீழாப் போச்சு!"

"பிரேக் நல்லா இருக்கான்னு பாரு."

எட்டு மணிக்கு நடைவழியில் ஒரு தள்ளுவண்டி கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. வண்டியைத் தள்ளி வந்தவளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். வலது முழங்கையில் பட்டைத் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. விடுதியில் எல்லோரும் அவளை மாடியக்கா என்றார்கள். மெக்கானிக் தாங்க முடியாமல் வெளியே போய், வண்டியைச் சாய்த்து, சக்கரத்தில் சிக்கியிருந்த தலைமுடியையும் நூலையும் உருவி எறிந்துவிட்டு, மனைவியின் தலைக்கு வைத்திருந்த எண்ணெயில் நாலு சொட்டு விட்டான். வண்டி சத்தமில்லாமல் உருண்டது.

"அடப்பாவமே," என்றாள் மாடியக்கா. "இந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் வேலை செய்யறேன்னு கீழ தெரியும். இனிமே தூங்கறேன்னு நெனச்சுக்குவாங்க."

இஸ்திரி அவளுடைய முழங்கையைப் பார்த்தாள். "மெத்தையைத் தூக்கித் தூக்கி வந்ததாக்கா?"

மாடியக்கா அவளைக் கூர்ந்து பார்த்தாள். "நீயும் இந்த வேலையா?"

"பன்னண்டு வருஷம். எத்தனை ரூமு உங்களுக்கு?"

"மாடி இருபதும். ரெண்டு மணிக்குள்ள."

"ஒத்த ஆளாவா?"

"இன்னொருத்தி இருந்தா, நின்னுட்டா. பதிலுக்கு ஆள் வருதுன்னாங்க. நாலு வருஷமா வந்துட்டே இருக்கு." மாடியக்கா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் ஒரு ரூம்ல சோப்பு வைக்க மறந்துட்டேன். அடுத்த தப்புக்கு ஆளை மாத்திடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. இந்தக் கையோட வேற எங்க போறது, சொல்லு தங்கச்சி."

"ஒரு சோப்புக்கா?"

"சின்ன சோப்பு."

குடும்பம் கிளம்பிப் படியிறங்கியபோது இஸ்திரி நின்றாள். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்ப ஓடினாள். மாடியக்காவுக்கு இருபதில் ஒன்றாவது குறையட்டும் என்பது அவள் எண்ணம். சின்னவள் இரவு பழரசம் சிந்திய விரிப்பை உருவினாள். உறைகளையும் கழற்றினாள். எல்லாவற்றையும் ஒரு தலையணை உறைக்குள் திணித்து, வாயை முடிச்சுப் போட்டுக் கதவோரம் வைத்தாள். கம்பளியை மடித்துக் கால்மாட்டில் அடுக்கினாள். பெருக்கத் தோதாக இருக்கட்டும் என்று, வெளியே கிடந்த சாமான்களைப் பைகளில் போட்டு, பைகளையெல்லாம் அலமாரியின் உச்சியில், சுவரோடு ஒட்டித் தள்ளினாள். குப்பைக் கூடையைக் கவிழ்த்துச் சுத்தம் செய்தாள். ஏழு நிமிஷம். கீழே வந்து சாவியை மேனேஜரிடம் கொடுத்தாள். வெளியே போகும்போது சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று அங்கே எழுதிப் போட்டிருந்தது.

அன்று அவள் மூன்று ராட்டினங்களில் ஏறினாள். முதலாவதில் கண்ணை மூடிக்கொண்டு கணவனின் தொடையைக் கிள்ளினாள். இரண்டாவதில் "நிறுத்துங்கடா, நான் எறங்கறேன்!" என்று கத்தியது கீழே வரிசையில் நின்றவர்கள் வரைக்கும் கேட்டது. மூன்றாவது ரோலர் கோஸ்டர். உச்சி வளைவில் வண்டி ஒரு நொடி நின்றபோது அவள் கண்ணைத் திறந்தாள். ஊர் முழுவதும் தலைகீழாகத் தொங்கியது. அப்புறம் விழுந்தார்கள். இறங்கியதும் தள்ளாடியபடியே நடந்து போய் வரிசையின் வாலில் மறுபடி நின்றுகொண்டாள்.

"அம்மா, மூணும் முடிஞ்சுது," என்றாள் பெரியவள்.

"தெரியும். பேசாம வா."

மாலை ஏழு மணிக்குத் தொண்டை கட்டி, தலை ஈரத்தோடு நால்வரும் திரும்பினார்கள். அலுவலகத்தில் சாவிகள் தொங்கும் பலகையில் அவர்களுடைய சாவி இல்லை. திறந்துதான் வைத்திருப்பார்கள் என்று மாடிக்குப் போனார்கள். கதவைத் தட்டாமல் சின்னவள் உள்ளே நுழைந்தாள். இடுப்பில் துண்டோடு ஒரு மனிதர் நின்றிருந்தார். கட்டிலில் மூன்று பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரும்மா நீ?" என்றார் துண்டுக்காரர்.

"நீங்க யாரு?" என்றாள் சின்னவள். "இது எங்க ரூமு."

"மத்தியானம்தான் எங்களுக்குக் குடுத்தாங்க."

சின்னவள் அலமாரியைச் சுட்டிக்காட்டினாள். அதன் உச்சியில், பைக்கும் சுவருக்கும் நடுவில், அவளுடைய துணிப் பொம்மையின் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றார்கள். "அப்பா, ஆள் இருக்கு!" என்று ஒருவன் அலறினான்.

மேனேஜர் வந்தார். வேறு அறை ஒன்றுகூட இல்லை. வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாடியக்காவைப் படியிலேயே நிறுத்திக் கூட்டிவந்தார்கள்.

"காலின்னு நீதானம்மா சொன்ன?"

"காலியாத்தான் இருந்துச்சு சார். விரிப்பெல்லாம் உருவி, மூட்டை கட்டி…"

"போன மாசம் என்ன சொன்னேன்? நாளைக்கு வரவேண்டாம்."

இஸ்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. உருவிய படுக்கை, கதவோரம் மூட்டை, கண்ணில் படாத பைகள். அறை வேலை செய்கிறவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் போயாச்சு. அவளே பார்த்திருந்தாலும் காலி என்றுதான் சொல்லியிருப்பாள்.

"சார், உருவினது நான்," என்றாள்.

"மேடம், நீங்க கெஸ்ட். அவங்களுக்காகப் பரிதாபப்பட்டு ஏதாவது சொல்லாதீங்க. கெஸ்ட் யாராவது ரூம் செய்வாங்களா?"

"இவ செய்வா," என்றான் மெக்கானிக். "என் பிரஷ்ஷைக் கேளுங்க." அதற்குள் அவனுக்குத் தெரிந்திருந்தது.

இஸ்திரி மூட்டையைக் கொண்டுவரச் சொன்னாள். துணி அறையில் அது இன்னும் அப்படியே கிடந்தது. "முடிச்சை அவுங்க சார்."

மேனேஜர் இழுத்தார். நகத்தால் நெம்பினார். துண்டுக்காரர் ஒரு கையில் துண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உதவினார். முடிச்சு அசையவில்லை. இஸ்திரி சுண்டுவிரலை விட்டு ஒரு முனையைச் சுண்டினாள். உறை வாயைத் திறந்துகொண்டது. துண்டுக்காரரின் மனைவி கைதட்டிவிட்டாள்.

"எங்க ஹோட்டல் முடிச்சு. அக்காவுக்கு இருக்கற முழங்கைக்கு இவ்வளவு இறுக்க முடியுமா, பாருங்க. அதோட, சாவியை உங்க கையிலதான் குடுத்தேன். ரெண்டு நாளைக்குன்னு நோட்டுல எழுதியிருக்கே சார்."

மேனேஜர் நோட்டுப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உறையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். "எத்தனை நிமிஷம் ஆச்சு உங்களுக்கு?"

"ஏழு."

"இங்க வந்துடுங்களேன் மேடம். இந்தம்மாவுக்குக் கையும் வரல, காலும் வரல."

மாடியக்கா தரையைப் பார்த்தாள்.

"சார்," என்றாள் இஸ்திரி, "நான் லீவுல வந்திருக்கேன்."

துண்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். பிள்ளைகள் ஏன் என்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள். மேனேஜரும் கொஞ்சம் சிரிக்க வேண்டியதாயிற்று.

"சரி. நாளைக்குப் பன்னண்டு மணிக்கு ரெண்டு பஸ் ஸ்கூல் பிள்ளைங்க வருது. மாடி மொத்தமும் அவங்களுக்கு. எல்லாரும் காலி பண்ணவே ஒன்பதாயிடும். பன்னண்டுக்குள்ள இருபதும் தயாரா இருந்தா இந்தம்மா இருக்கட்டும். இல்லேன்னா என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

அன்று அவர்கள் கீழே துணி அறையில் தங்கினார்கள். துண்டுக்காரர் அறையை விட்டுத்தரத் தயாராகத்தான் இருந்தார். அவருடைய கடைசிப் பிள்ளை அதற்குள் தூங்கிவிட்டதால் இஸ்திரி வேண்டாம் என்றுவிட்டாள். துவைத்த விரிப்புகள் இடுப்பளவு குவிந்திருந்தன. பிள்ளைகள் அதன்மேல் ஏறிச் சறுக்கினார்கள். இது பூங்காவில் இருப்பதைவிட நல்ல சறுக்கு என்று சின்னவள் தீர்ப்புச் சொன்னாள்.

காலையில் இஸ்திரி கணவனையும் பிள்ளைகளையும் பூங்காவுக்குக் கிளப்பினாள். "நீங்க போங்க. எனக்கு இன்னும் தலை சுத்துது."

"நேத்து நாலு தடவை ஏறினியே," என்றாள் பெரியவள்.

"அதான் சுத்துது."

பெரியவள் அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. மெக்கானிக் எண்ணெய் பாட்டிலை மனைவியின் கையில் கொடுத்தான். "மத்த மூணு சக்கரத்துக்கும் விட்டுக்க," என்றான்.

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார்கள். மாடியக்காவுக்கு மெத்தையைத் தூக்கும் வேலையே இல்லாதபடி இஸ்திரி பிரித்துக்கொண்டாள். மெத்தை அவளுடையது, குளியலறை அக்காவுடையது. விரிப்பை இரண்டு பேராக உதறினால் பாதி நேரம். ஐந்தாவது அறையில் இருவரும் பேச்சைத் தொடங்கினார்கள். எட்டாவதில் தத்தம் மேனேஜர்களைப்போல நடந்து காட்டினார்கள். மாடியக்கா நடந்து காட்டியதில் இஸ்திரி சிரித்துச் சிரித்து, பாதி விரித்த படுக்கையிலேயே விழுந்து, அதை மறுபடி விரிக்க வேண்டியிருந்தது.

"என்ன தங்கச்சி, சுருக்கமே விழாதுன்னியே?"

"ஆள் விழுந்தா விழும்க்கா."

திறந்த ஜன்னல் வழியாக, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை, பூங்காவிலிருந்து கூட்டமாக ஒரு அலறல் வந்தது. ஒவ்வொரு முறையும் இஸ்திரி "அது என் சின்னவ," என்றாள்.

"இத்தனை வருஷமா இதைக் கேட்கறேன்," என்றாள் மாடியக்கா. "மொதல்ல யாரையோ அடிக்கறாங்கன்னு நெனச்சேன். உள்ள எப்படி இருக்கும்?"

இஸ்திரி கையிலிருந்த விரிப்பைப் போட்டுவிட்டு, சக்கரம் சரிசெய்த வண்டியில் அவளை உட்காரச் சொன்னாள். மாடியக்கா மறுத்தாள். பிறகு சோப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இஸ்திரி நடைவழியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஓடித் தள்ளினாள். பூங்காவில் கேட்கிற அதே சத்தம் மாடியக்காவிடமிருந்தும் வந்தது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இருபதாவது அறையின் கதவைச் சாத்தினார்கள். மேனேஜர் வந்து நான்கு அறைகளைத் திறந்து பார்த்தார். விரிப்பின்மேல் உள்ளங்கையை வைத்து நீவினார். குளியலறைகளில் சோப்பு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பரவாயில்லையே," என்றார். "நாளைக்கு வாம்மா."

மாடியக்கா இஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மாடிப்படியின் உச்சியில் உட்கார்ந்து, ஒரே டம்ளரிலிருந்து தேநீரை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். வெளியே பள்ளிப் பேருந்துகள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மாடியக்கா எதையோ சொல்ல, மேலிருந்து இரண்டு பேரின் சிரிப்பும் படிகளில் உருண்டு வந்தது.

கீழே மேனேஜர் மேசைக்குப் பின்னால் போனார். சுவரில் ஆணியடித்த கரும்பலகையில் 'மாடி: 20 அறை, ஒரு ஆள், 2 மணிக்குள்' என்று எழுதியிருந்தது. எழுத்து பழையது, ஓரங்கள் மங்கியிருந்தன. அவர் சாக்கட்டியை எடுத்து, '2 மணிக்குள்' என்பதில் இரண்டுக்கு முன்னால், ஒன்று போல நேராக ஒரு கோடு இழுத்தார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். கோடு மெல்லியதாக விழுந்திருந்தது. இன்னொரு முறை அழுத்தி இழுத்தார்.