தராசுப் பலகையில் குளம்படி

1.
இந்தக் கதை மழையால் வந்தது. போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் கூட்ஸ் ஷெட்டில் ஒதுங்கி நின்றேன். மூட்டை நிறுக்கும் தராசுப் பலகையின் மேல் நாலு குளம்படிகள், சேறு காயாமல் இருந்தன. மாடு அங்கே ஏன் ஏறியது? கேட்டேன். யாரும் சொல்லவில்லை. ஆகவே நானே சொல்லவேண்டியதாகிவிட்டது.

2.
முதல் தொடக்கம்: "பனி விழுந்துகொண்டிருந்தது. பெர்னடெட் தொழுவத்துக்கு வைக்கோல் சுமந்து—"

(அடித்துவிட்டேன். மொழிபெயர்ப்பு நாவல்களையே படித்துக்கொண்டிருந்தால், மாடு என்று எழுதியதும் பனி தானாக விழுகிறது.)

மறுபடியும். இதே வருஷம், 1931. தண்டவாள ஓரத்தில் பெர்னடெட் இளம் லாலாங் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். கணவனுக்கு ரயில்வேயில் வாரம் மூன்று நாள்தான் வேலை. கறிக்கென்று அவள் வளர்த்த செவலைக் காளை பக்கத்தில் நின்றது. திமில் சட்டியைக் கவிழ்த்தது போல. விலாவைத் தடவினால் எலும்பு தட்டாது. (இதை நினைவில் வையுங்கள், பிறகு கேட்பேன்.)

மூன்று பிக்குல் எடைக்கு (ஒரு பிக்குல் நூற்று முப்பத்துமூன்று ராத்தல்) விலை கிடைத்தால் ஒரு கன்று வாங்கலாம். நாலு என்றால் இரண்டு. ஒற்றைக் கன்றை நம்பினால், அது நோயில் போனதும் அவள் தொழிலும் போகும். போன வருஷம் ஒன்று அப்படித்தான் போனது.

3.
கறிக்கடைக்கு மாடு வாங்கும் மொய்தீன் ராவுத்தர் வந்தார். காளையை ஒரு சுற்றுச் சுற்றினார். முதுகைத் தட்டினார். ஒற்றைக் கண்ணை மூடினார்.

"மூணு பிக்குல், தங்கச்சி."

"மூடின கண்ணையும் தெறந்து பாருங்க அண்ணே. நாலு வரும்."

"முப்பது வருஷக் கண்ணு இது. தராசே என்னைக் கேட்டுத்தான் நிக்கும்."

"அப்ப வாங்க, கேக்கட்டும்."

(ராவுத்தரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். மீசையை முறுக்கினார், சிரிப்பு வந்துவிட்டது. சியாம் மாடுகள் ரயிலில் கூட்டமாக வந்து இறங்குகின்றன. மலிவு. அதிக விலை கொடுத்து வாங்கினால் அவர் கறியை யார் வாங்குவார்கள்? அந்தப் பயமும் அந்த ஒற்றைக் கண்ணில் இருந்தது.)

4.
கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி தம்புசாமி, நெற்றி நிறையத் திருநீறு, காளையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இது மூட்டை நிறுக்கற தராசும்மா. மாட்டுக்கு ரூல் இல்லை."

"சீட்டு வேணாங்கய்யா. இந்த அண்ணன் பார்த்தாப் போதும்."

"எதுக்கு நிறுக்கறே? வேணாம், சொல்லாதே. மூட்டைன்னே நெனச்சுக்கறேன். ஆடாம நிக்குமா?"

"ஞாயித்துக்கிழமை பூசையில என் வீட்டுக்காரர் நிக்கற மாதிரி நிக்கும். பாதித் தூக்கத்துல."

கிராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காளை ஏறியது. நாலு குளம்படி. அவர் தராசுக் கம்பியில் எடைக்கல்லை மெல்ல நகர்த்தினார். கம்பி மேலும் கீழும் ஆடியது.

5.
ஒரு முடிவில் நாலு பிக்குல் வந்தது. ரயில்கள் எல்லாம் ஊதின. வெட்கமாக இருந்தது. இன்னொன்றில் மூன்றே வந்தது. அவள் மழையில் தனியாக நடந்து— கிழித்துவிட்டேன். சோகமாக முடித்தால் பெரிய எழுத்தாளன் ஆகிவிடலாம் என்ற ஆசைதான் அது. பெர்னடெட் அதற்காகப் புல் அறுக்கவில்லை.

ஆகவே எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். ராவுத்தர் இரண்டு கண்ணையும் திறந்து கம்பியைப் பார்த்தார். பெர்னடெட் கம்பியைப் பார்க்கவில்லை, ராவுத்தர் முகத்தைப் பார்த்தாள்.

கம்பி நிற்பதற்குள் அவர் சொன்னார்: "மூணரைன்னு வெச்சுக்கலாமா, தங்கச்சி?"

"நிக்கட்டும் அண்ணே" என்றாள் அவள். அவள் வாயோரம் சிரிப்பு.

கம்பி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. நான் பேனாவை மூடிவிட்டேன். காளையை நீங்களும் பார்த்தீர்கள், திமிலை, விலாவை. எடையை நீங்களே சொல்லுங்கள்.

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மட்டும் வேண்டாம்.